பணம் திரும்பிப் போகும் முன் திரள்வோம்

தோழர்களே,

மார்ச் 31 நெருங்கிவிட்டது. அன்று மாலையோடு, நம் புராஜெக்ட்டுகளின் பெயரில் டெல்லியில் ஒதுக்கி, நம்மால் செலவழிக்க முடியாமல் போன தொகை அத்தனையும் காலாவதியாகும். ஏன் செலவழிக்கவில்லை என்று கேட்டு ஏப்ரலில் கடிதம் வரும். பணம் வந்ததே பிப்ரவரியில்தான் என்று நாம் பதில் எழுதுவோம். அந்தப் பதிலைக் கோப்பில் போட்டு மூடுவார்கள். யூசி எனும் பயன்பாட்டுச் சான்றிதழ், செலவுக் கணக்கு, தணிக்கையாளர் கையெழுத்து என்று ஜூன் போகும், ஜூலை போகும். அடுத்த தவணை எப்போது என்று போனில் கேட்டால் "பிராசஸில் இருக்கிறது" என்பார்கள். இந்த ஆண்டும் இந்தச் சுற்று சத்தமில்லாமல் முடிந்துவிடக் கூடாது. அதற்குத்தான் இந்த அழைப்பு.

சேத்துப்பட்டில் காசநோய்க் கிருமியை வளர்த்துவிட்டு எட்டு வாரம் காத்திருக்கும் தோழருக்கு, புதுச்சேரியில் கொசு லார்வாக்களை எண்ணும் தோழருக்கு, வேலூரில் ரத்த மாதிரிகளோடு இரவு பத்து மணிக்கும் சென்ட்ரிஃபியூஜ் முன் நிற்பவருக்கு, மாநிலப் பல்கலைக்கழக லேபில் இருக்கும் ஒரே பிசிஆர் மெஷினுக்கு முறை வைத்துக் காத்திருப்பவருக்கு, இளநிலை ஆய்வாளரான ஜேஆர்எஃப்புக்கு, முதுநிலை ஆய்வாளரான எஸ்ஆர்எஃப்புக்கு, எந்த ஃபெலோஷிப்பும் இல்லாமல் முழுநேர ஆய்வாளர் என்று பெயர் மட்டும் வைத்திருப்பவருக்கு, புராஜெக்ட் டெக்னீஷியனுக்கு, வீடு வீடாகப் போய்ச் சளி மாதிரி வாங்கி வரும் களப்பணியாளர் அக்காக்களுக்கு, எலிக்கூண்டு கழுவும் அண்ணன்களுக்கு எழுதுகிறேன். நம்மில் யாரும் இதற்கு வெளியே இல்லை.

ஆய்வு நிதியை வெட்டுகிறோம் என்று எந்த அமைச்சரும் மேடையில் சொல்லவில்லை. மேடையில் வருவதெல்லாம் ஆயிரம் கோடி, லட்சம் கோடி. வெட்டு விழுவது உத்தரவுகளின் உட்பிரிவுகளில். பணம் யார் கணக்கில் இருக்கும், எந்தத் தேதியில் விடுவிப்பார்கள், எந்தப் போர்ட்டலில்தான் வாங்க வேண்டும், வரி எத்தனை சதவீதம், தருவது மானியமா கடனா என்கிற விஷயங்களில்தான் நம் மூன்றாண்டு வேலை பிழைப்பதும் சாவதும் முடிவாகிறது. கொள்கை என்றால் அது நாடாளுமன்றத்தில் பேசுகிற சமாச்சாரம் என்று நினைத்து நாம் லேபுக்குள்ளேயே இருந்துவிட்டோம். அது நம் ஃப்ரீசர் கதவு வரை வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று பார்ப்போம். முன்பெல்லாம் ஆண்டுத் தவணை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும். தவணை தாமதமானாலும் கையிருப்பிலிருந்து கொஞ்சம் புரட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு சரிக்கட்டிக்கொள்வார்கள். 2022இல் மத்திய நிதியமைச்சகத்தின் செலவினத் துறை அந்தப் பாதையை மாற்றியது. மத்திய அரசுத் திட்டங்களின் பணம் இனி நிறுவனங்களின் கணக்கில் தங்காது. ரிசர்வ் வங்கியிலோ, மைய முகமை ஒன்றின் கணக்கிலோ இருக்கும். நம் நிறுவனத்துக்கு ஒரு ஜீரோ பேலன்ஸ் கணக்கு. இவ்வளவு வரை எடுக்கலாம் என்ற வரம்பு மட்டும் திரையில் தெரியும். பில் வந்தால் எடுக்கலாம். நிதியாண்டு முடிந்தால், எடுக்காத வரம்பு போய்விடும்.

பணம் ஆயிரம் கணக்குகளில் சும்மா கிடக்க, அரசு ஏன் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வியில் தப்பே இல்லை. சாலை போடுவதற்கும் சைக்கிள் வாங்குவதற்கும் அந்த விதி பொருந்தும். செல் கல்ச்சருக்கு மார்ச் 31 என்றால் என்னவென்று தெரியாது. நோயாளி எந்த மாதம் ஆய்வில் சேர்கிறாரோ அந்த மாதம்தான் நமக்கு ஏப்ரல். அவருடைய ஆறாம் மாதப் பரிசோதனை எந்தத் தேதியில் விழுகிறதோ அந்தத் தேதியில் ரீஏஜென்ட் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் லேபில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், உங்கள் லேபிலும் இதேதான் நடந்திருக்கும். திரவ நைட்ரஜன் வண்டி வாரம் ஒருமுறை வரும். பில் மாதக்கணக்கில் நின்றுபோனது. வண்டிக்காரர் நல்ல மனிதர், முடிந்தவரை பொறுத்தார். ஒருநாள், "சார், ஓனர் திட்றாரு, பழைய பாக்கிய முடிச்சுட்டு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, குழாயைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேனுக்குள் இருந்தவை காசநோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த செல்கள். ஒவ்வொருவருக்கும் சிகிச்சை தொடங்கிய அன்று எடுத்தது, இரண்டாம் மாதம் எடுத்தது, ஆறாம் மாதம் எடுத்தது. அளவுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்தால் பனி படியும் உயரம் நாளுக்கு நாள் குறைகிறது. கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாங்களே ஊற்ற வைத்தோம். அந்த மாதம் எங்களில் ஒருவருக்கும் ஃபெலோஷிப் வந்திருக்கவில்லை. ஒரு ஜேஆர்எஃப், ஊரிலிருந்து அப்பாவைப் பணம் அனுப்பச் சொன்னான். அவன் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இந்திய அரசின் மருத்துவ ஆய்வுக்கு அந்த மாதம் கடன் கொடுத்தவர் அவர்தான்.

அந்தச் செல்கள் அழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த தவணையில் வாங்கி வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்களா? நோயாளிகள் குணமாகி ஊருக்குப் போய்விட்டார்கள். மருந்து தொடங்குவதற்கு முந்தைய ரத்தம் அவர்களிடம் இனி கிடையாது. களப்பணியாளரின் நிலையும் இதுதான். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து, நீட்டிப்பு உத்தரவு வராமல் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்களில், எண்பது குடும்பங்களின் கதவைத் தட்ட ஆளில்லை. பிறகு போய்க் கேட்டால் வீடு மாறியிருப்பார்கள், இல்லையென்றால் "நீங்கதான் வரவே இல்லையே" என்பார்கள். அந்த நம்பிக்கையை எந்த பட்ஜெட் தலைப்பில் போட்டு மீட்பது?

வரிக்கு வருகிறேன். அரசு நிதியில் நடக்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்ற சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதமானது. 20 லட்ச ரூபாய்க் கருவிக்கு முன்பு ஒரு லட்சம் வரி, பிறகு 3,60,000. வித்தியாசம் 2,60,000 ரூபாய். ஒரு ஜேஆர்எஃப்பின் ஏழு மாத உதவித்தொகை அது. பழைய வரியைக் கணக்குப் போட்டு அனுமதி வாங்கிய கிராண்ட்டில் யாரும் ஒரு ரூபாய் கூட்டித் தரவில்லை. அரசு ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டது. கொடுத்ததை மட்டும் அறிவியலுக்கான செலவாகக் கணக்கில் எழுதிக்கொண்டது. 2025 செப்டம்பரில் மருத்துவ, பகுப்பாய்வுக் கருவிகள் பலவற்றுக்கு மறுபடி 5 சதவீதமாக்கினார்கள். நடுவில் போன மூன்று ஆண்டுகளில் கருவி வாங்கியவர்கள் கட்டியது கட்டியதுதான்.

2024 ஜூலை பட்ஜெட்டில் இன்னும் பெரிய கூத்து. இறக்குமதியாகும் ஆய்வக வேதிப்பொருள்களுக்கான சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் ஆனது. அச்சுப்பிழை இல்லை, நூற்றைம்பதேதான். நூறு ரூபாய்ப் பொருளுக்கு நூற்றைம்பது ரூபாய் வரி. நாடு முழுக்க விஞ்ஞானிகள் கொதித்தார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆய்வுக்கென்று வாங்குபவர்களுக்கு மீண்டும் 10 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு, வாங்கிய ஆய்வு மானியத்துக்கே ஜிஎஸ்டி கட்டச் சொல்லி ஐஐடி டெல்லி உள்ளிட்ட நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது. எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் ஆய்வு மானியங்களுக்கு விலக்கு அளித்தது. அரசின் ஜெம் போர்ட்டலில்தான் எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் நம்மை அலைய விட்டார்கள். நமக்கு வேண்டிய ஆன்டிபாடியைத் தேடினால் அதில் வேறு எதுவோ வந்து நிற்கும். 2025 ஜூனில் அதையும் தளர்த்தி, ஆய்வுக்கானவற்றை இயக்குநர்களும் துணைவேந்தர்களும் ஜெம்முக்கு வெளியே வாங்க அனுமதிக்கலாம் என்றார்கள். விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் உச்சவரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது.

இத்தனையையும் அடுக்கிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ரூல் அப்படித்தான் தம்பி, ஒண்ணும் பண்ண முடியாது" என்று நிதிப் பிரிவில் யாராவது சொன்னால் இந்தத் தேதிகளை எடுத்து வையுங்கள். சுங்க வரி பத்து நாளில் திரும்பியது. மானிய வரி இரண்டே மாதத்தில் போனது. கொள்முதல் விதி வளைந்தது. மார்ச் 31 விதி மட்டும் கல்லில் செதுக்கியதா?

ஃபெலோஷிப் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தத் தேதிகளையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஜேஆர்எஃப் 2010இல் 16,000. 2014 அக்டோபரில் 25,000. 2019 ஜனவரியில் 31,000. 2023 ஜனவரியில் 37,000. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் நகர்கிறது, அதுவும் நாம் தெருவுக்கு வந்த பிறகு. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி ஏறுகிறது. யாரும் கொடி பிடிக்க வேண்டியதில்லை. நமக்கு ஏற வேண்டுமென்றால் 2019 ஜனவரி மாதிரி டெல்லியில் அமைச்சகத்தின் வாசலில் உட்கார வேண்டும், போலீஸ் வண்டியில் ஏற வேண்டும். அன்று ஏறியவர்களால்தான் அந்த மாதக் கடைசியில் 31,000 வந்தது. 2015இல் நெட் தேர்வு எழுதாத ஆய்வாளர்களின் உதவித்தொகையை நிறுத்துவதாக யுஜிசி சொன்னபோது, மாதம் 8,000 ரூபாய்க்காக டெல்லியில் யுஜிசி அலுவலகத்தின் முன் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அந்த உதவித்தொகை நிற்காமல் தொடர்ந்தது. போதிய பேர் உட்காராத இடத்தில் என்ன ஆகிறது என்பதையும் பார்த்தோம். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. நம்மில் எத்தனை பேர் அன்று பக்கத்து மேசைத் தோழருக்காகக் குரல் கொடுத்தோம்?

ஏறிய தொகையும் நேரத்துக்கு வருவதில்லை. இன்ஸ்பயர் ஃபெலோஷிப் வாங்கும் தோழர்கள், முதல் தர மதிப்பெண் எடுத்தவர்கள் என்று அரசே பொறுக்கி எடுத்தவர்கள், 2025இல் மாதக்கணக்கில் ஒரு ரூபாய் வராமல் இருந்தது பத்திரிகைகளில் வந்தது. புதிய நிதிப் பாதைக்கு மாறுகிறோம் என்றார்கள். பாதை மாறும்வரை வீட்டுக்காரர் வாடகை கேட்காமல் இருப்பாரா?

இப்போது மேடையில் சொல்லும் பெரிய எண்களைப் பார்க்கலாம். அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கான சட்டம் 2023இல் வந்தது. ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள். அதில் அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற இடங்களிலிருந்து வரும் என்பது கணக்கு. 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதி என்று அமைச்சரவை ஒப்புதல் தந்தது, நவம்பரில் தொடங்கியும் வைத்தார்கள். செய்தியைக் கேட்டு நம் வீட்டில் எல்லோரும் போன் செய்தார்கள். "இனி உனக்குக் கவலை இல்லையாமே?" அம்மாவுக்கு எப்படிச் சொல்வது, அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ தரும் கடன் என்று? தொழில்நுட்பத் தயார்நிலையை ஒன்று முதல் ஒன்பது வரை படிகளாக வைத்து, நான்காம் படியிலும் அதற்கு மேலும் நிற்பவர்களுக்குத்தான் அது. மருந்து கொடுத்தும் கிருமி ஏன் சாகவில்லை என்று கேட்பவர் முதல் படியில் நிற்கிறார். அந்த லட்சம் கோடியில் அவருக்குப் பங்கு கிடையாது. கம்பெனிக்குக் கடன் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. முதல் மூன்று படிகளை யார் கட்டுவது என்று கேட்கிறேன். ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் இந்த நாடு மொத்தமாகச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அது 2020–21க்கான அரசின் கணக்கு. தென்கொரியா ஐந்து சதவீதத்தைத் தொடுகிறது.

அந்தக் கொஞ்சத்திலும் பங்கு எப்படி? இந்த அறக்கட்டளைக்கு முன் இருந்த எஸ்இஆர்பி வாரியத்தின் நிதியில் சுமார் 65 சதவீதம் ஐஐடிகளுக்குப் போகிறது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 11 சதவீதம்தான் என்று 2023இல் அரசுத் தரப்பே சொன்னது. இதைச் சரிசெய்யத்தான் புதிய அறக்கட்டளை என்றார்கள். சரி, செய்யுங்கள். நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம்.

"எதற்கெடுத்தாலும் அரசையே ஏன் கேட்கிறீர்கள், தனியாரிடம் போகலாமே" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். அவர்களைச் சேத்துப்பட்டுக்குக் கூட்டிப் போங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956இல் அங்கே ஒரு காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் ஆரம்பம். அன்று காசநோய் என்றால் சானடோரியம், மாதக்கணக்கில் படுக்கை, நல்ல சாப்பாடு, காற்று என்பது உலக மருத்துவத்தின் வேதம். நம் ஊரில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? சென்னையின் நெரிசலான குடிசைகளில் வாழ்ந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியங்களை மூடவைத்தது. மருந்தோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்று கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வழி திறந்தது. குடும்பங்களை விடாமல் ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். யோசித்துப் பாருங்கள், படுக்கை வேண்டாம், வீடே போதும் என்று நிரூபிக்க எந்தக் கம்பெனி பணம் போடும்? அதில் விற்பதற்கு என்ன இருக்கிறது?

பழைய கதை என்பவர்களுக்குப் புதிய கதையும் இருக்கிறது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019இல் தொடங்கிய ஆய்வு. 2,800 காசநோயாளிகள், அவர்கள் வீடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினர். ஐசிஎம்ஆர் நிதி. பாதிக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சோற்றுக்கும் பருப்புக்கும் காப்புரிமை வாங்க முடியாது, ஆகவே அதைச் சோதிக்கத் தனியார் பணம் வராது. கொரோனா நடுவில் வந்தும் அந்தக் களப்பணி அறுபடவில்லை. நடுவில் பணம் அறுந்திருந்தால் அந்த 39 இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

ரோட்டாவேக் தடுப்பு மருந்தும் அப்படித்தான். வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்கும் அந்த மருந்தின் வைரஸ் டெல்லி எய்ம்ஸில் பச்சிளம் குழந்தைகளிடம் 1980களில் கண்டெடுத்தது. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் மூன்றாம் கட்டச் சோதனை முடிந்து, 2014இல் உரிமம் கிடைத்து, 2016இல்தான் தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. நடுவில் எத்தனை மார்ச் 31 கடந்திருக்கும்! இதே வேலூரில்தான் ஹீமோஃபிலியா உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து ரத்தக்கசிவை நிறுத்தியது 2024இல் வெளியானது. அதன் பின்னாலும் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நீண்டகால நிதி இருக்கிறது.

"எனக்கென்ன, பிஎச்டி முடித்ததும் போஸ்ட்டாக்குக்கு அமெரிக்கா போய்விடுவேன்" என்று நினைக்கும் தோழரே, அங்கே நடப்பதையும் பாருங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 47 பில்லியன் டாலர் வைத்திருக்கும் அவர்களுடைய தேசிய சுகாதார நிறுவனம், எல்லாக் கிராண்ட்டுகளின் மறைமுகச் செலவுக்கும் 15 சதவீதம்தான் என்று 2025 பிப்ரவரி 7 அன்று ஒரே அறிவிப்பில் சொன்னது. மின்சாரம், விலங்குக்கூடம், கழிவு அகற்றல் எல்லாம் அந்தத் தலைப்பில்தான் வருகின்றன. மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் தடுத்தன. ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கிராண்ட்டுகளை நடுவிலேயே ரத்து செய்தார்கள். மே மாதம், வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை மானியம் தருவதை நிறுத்திவைத்தார்கள். இது நம்மையும் தொடுகிறது. சென்னை, வேலூர், புதுச்சேரி மையங்கள் சேர்ந்த இந்திய–அமெரிக்கக் காசநோய்க் கூட்டாய்வு அவர்கள் பணமும் நம் பணமும் கலந்துதான் நடந்தது. அந்த நிறுவனத்தின் ஊழியர்களே, வேலை போனாலும் பரவாயில்லை என்று தம் இயக்குநருக்கு எதிராக அறிக்கை எழுதினார்கள். பலர் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டார்கள். அரசு ஊழியர்கள் அவர்கள். நாம் மாணவர்கள். நமக்கு என்ன பயம்?

பயம் இருக்கிறது, தெரியும். கைடு என்ன நினைப்பார், சினாப்சிஸில் கையெழுத்துப் போடுவாரா, நீட்டிப்பு கிடைக்குமா. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த விஷயத்தில் உங்கள் கைடு எதிரி கிடையாது. அவருடைய பெயரில்தான் அந்தக் கிராண்ட். வாரத்தில் பாதி நாள் யூசியோடு மல்லுக்கட்டி, டெல்லிக்குப் போன் போட்டு, எடுக்காத போனுக்கு மெயில் போட்டு ஓய்ந்துபோயிருப்பவர் அவர். ஒருவராகக் கேட்டால் அடுத்த புராஜெக்ட் கிடைக்காது என்று அவரும் வாயைத் திறப்பதில்லை. நிதிப் பிரிவு கிளார்க்கும் நமக்கு எதிரி கிடையாது. அவரிடம் கத்தி ஒரு பயனும் இல்லை. ஆகவே கைடிடம் போங்கள், விஷயத்தைச் சொல்லுங்கள், உங்களுடன் நிற்கக் கேளுங்கள். பத்துப் பேரில் மூன்று பேர் வருவார்கள். மூன்று பேர் போதும்.

என்ன செய்யப் போகிறோம்? முழக்கத்துக்கு முன் கணக்கு வேண்டும். ஒவ்வொரு லேபிலும் ஒரு பதிவேடு திறக்க வேண்டும், சாதாரண லாங் சைஸ் நோட்டுப் போதும். கிராண்ட் அனுமதியான தேதி, முதல் தவணை வந்த தேதி, ஒவ்வொருவருக்கும் ஃபெலோஷிப் வந்த மாதமும் வராத மாதமும், பணமில்லாமல் நின்ற பரிசோதனை, கெட்டுப்போன மாதிரி, கைக்காசு போட்ட தொகை, வேலை இழந்த களப்பணியாளர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். மிகைப்படுத்தாதீர்கள், ஒரு தேதிகூடத் தப்பாக இருக்கக் கூடாது. நாம் அறிவியல் படித்தவர்கள், நம் கோபத்துக்கும் தரவு இருக்க வேண்டும். நிறுவனம் தேதி தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். இந்த வாரம் போட்டால் அடுத்த நிதியாண்டின் முதல் கடிதப் போக்குவரத்து தொடங்கும்போது பதில் நம் கையில் இருக்கும்.

மார்ச் 31 மதிய உணவு இடைவேளையில், அவரவர் நிறுவன வாசலில், லேப் கோட்டோடு நிற்போம். வேலைநிறுத்தம் வேண்டாம், விலங்குகளுக்குத் தீனி போடாமல் வர வேண்டாம், கல்ச்சரைக் கெட விட்டு வர வேண்டாம். ஒரு மணி நேரம், கையில் அந்தப் பதிவேட்டின் நகலோடு. அதே நகலை அந்தந்தத் தொகுதி எம்பிக்குக் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாக ஒரு கேள்வி வந்தால் துறை பதில் சொல்லியே தீர வேண்டும்.

கேட்பது அதிகமில்லை. பல ஆண்டு ஓடும் ஆய்வு மானியத்தில் செலவாகாத தொகை மார்ச் 31இல் காலாவதியாகாமல் அந்தப் புராஜெக்ட் முடியும்வரை தொடர வேண்டும். தவணை நிதியாண்டின் முதல் காலாண்டுக்குள் வர வேண்டும். உதவித்தொகையைப் புராஜெக்ட்டின் பிற செலவுகளிலிருந்து பிரித்து, யூசி தாமதம் அதைத் தொடாதபடி மாதாமாதம் முதல் வாரத்தில் கொடுக்க வேண்டும், அகவிலைப்படியோடு அதை இணைக்க வேண்டும். தொழில்துறைக்குக் கடன் தருகிற அதே கையால் அடிப்படை ஆய்வுக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் தனி ஒதுக்கீடு வைக்க வேண்டும். களப்பணியாளர், டெக்னீஷியன் ஒப்பந்தங்கள் புராஜெக்ட் காலம் முழுவதற்கும் போடப்பட வேண்டும், பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவர்களை வீட்டுக்கு அனுப்பி விளையாடக் கூடாது. இவற்றில் முதல் கோரிக்கை கிடைத்தாலே மீதியில் பாதி தானாகச் சரியாகும். ஆகவே எல்லோரும் முதல் வரியில் அதையே எழுதுங்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிதற வேண்டாம்.

அரசு நிறுவனத்தில் இருப்பவர், தனியார் மருத்துவக் கல்லூரியில் இருப்பவர், நெட் எழுதியவர், எழுதாதவர் என்று நம்மைப் பிரித்துப் பார்க்க நிறையப் பேர் தயாராக இருக்கிறார்கள். அந்த வேலையை நாமே செய்து கொடுக்க வேண்டாம். களப்பணியாளர் அக்காவின் கையெழுத்து இல்லாத பதிவேடு செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலை லேபைப் பூட்டுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்து லேபுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். அங்கே ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் நமக்குச் சொல்லுங்கள். மார்ச் 31 மதியம் ஒரு மணிக்கு வாசலில் சந்திப்போம், தோழர்களே. வராமல் இருந்துவிடாதீர்கள்.